வெள்ளீயமும் கந்தகமும் ப்ளஸ் காட்டிய வருஷம்

வைகாசி வெயில். காலை பதினோரு மணி இருக்கும். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை சால்டரிங் அயர்னின் முனையோடு கிளிப் போட்டேன். கறுப்பு ஒயரைக் கண்ணாடித் துண்டின் ஒரு மூலையில் அழுத்தினேன். சூடான முனையை மெதுவாக மறுமூலையில் இறக்கினேன். வரப்போவது தெரியும் என்பதால் மீட்டர் நிலைப்பதற்கு முன்பே நோட்டில் ஒரு மைனஸ் குறியைப் போட்டுவிட்டேன். எண்ணை எழுத நிமிர்ந்து பார்த்தால், மீட்டரில் மைனஸ் இல்லை.

இரண்டு வருஷமாக அந்த மைனஸோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். முதலில் வந்த எண்ணம், ஒயரை மாற்றிக் குத்திவிட்டோம் என்பதுதான். பார்த்தேன். சிவப்பு சிவப்பில்தான் இருந்தது. போன வாரத்துத் துண்டு ஒன்றை எடுத்து வைத்தேன்; மைனஸ். புதுசை வைத்தேன், ப்ளஸ். பழசு, புதுசு, பழசு, புதுசு. சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் குறிக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்று சொல்ல வேண்டும். கண்ணாடியின் மேல் வெள்ளீயத்தை மிக மெல்லிசாகப் படியவைத்து, அதைக் கந்தகப் பொடியோடு உலையில் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஆகும். ஒரு தலைமுடியை நூறாகப் பிளந்தால் வரும் கீற்றின் கனம்தான் இருக்கும். வெயிலை நன்றாக உறிஞ்சும். விஷம் கிடையாது, கிடைக்க அரிதான சரக்கும் கிடையாது. சோலார் செல்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் செல்லாகச் செய்து பார்த்தால் ஏமாற்றிவிடும். ஒரு செல்லுக்கு இரண்டு வகை அடுக்கு தேவை: ஒன்றில் எலக்ட்ரான் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேருகிற இடத்தில்தான் வெயில் மின்சாரமாகப் பிரியும். எங்கள் படலம் எப்போதும் குறைவான வகை. கூடுதல் வகைக்கு வேறொரு பொருளைத்தான் அதன்மேல் ஒட்ட வேண்டியிருந்தது. அந்த ஒட்டு ஒழுங்காக அமையாமல், கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே வீணாகிவிடும்.

சூடான முனை காட்டும் மைனஸ் என்றால் குறைவான வகை. ப்ளஸ் என்றால் கூடுதல் வகை. ஒரே பொருள் இரண்டு வகையாகவும் கிடைத்தால் ஒட்டுப் பிரச்சினையே இல்லை. உலகத்தில் ஒன்றிரண்டு இடங்களில், கஷ்டமான வேறு வழிகளில், இதைத் திருப்பியிருப்பதாகப் படித்திருந்தேன். எங்களுடையதைப் போன்ற சாதாரண உலையில் அது நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

லேப் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். உலையும் வேக்யூம் பம்பும் அவர் பேச்சை மட்டும்தான் கேட்கும்.

"அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

"ஒயர மாத்திக் குத்திகினு கீறீங்க மேடம். வேற இன்னா?"

"நீங்களே குத்திப் பாருங்க."

குத்தினார். ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி குத்தினார். வேறு மீட்டர் கொண்டுவந்தார். கடைசியில் அயர்னை அணைத்துவிட்டு, "மீட்டரு சரியாத்தான் கீது. நீங்கதான் இன்னாவோ பண்ணிட்டீங்க," என்றார்.

என்ன பண்ணினேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிஎச்.டி.க்கு வந்தவள். என் கைடும் ஒரு பெண்தான், என்னைவிட இரண்டு வயது சின்னவர். மயிலாப்பூர்க் குடும்பம், லேபில் மட்டும் அளந்து, பொதுவான தமிழில் பேசுவார். நானோ பெசன்ட் நகருக்கு அடுத்த குப்பத்தில் பிறந்தவள். அம்மா இப்போதும் அடையாறு மார்க்கெட் ஓரத்தில் மீன் விற்கிறாள். விடச் சொன்னால் கோபம் வரும். நான் என்ன படிக்கிறேன் என்று முதல் வருஷம் ஒருநாள் அவளிடம் விளக்க முயன்றேன். கண்ணாடித் துண்டையும் கந்தகத்தையும் வைத்து உலைக்குள் தள்ளுகிற குவார்ட்ஸ் பாத்திரத்துக்கு எங்கள் தொழிலில் 'போட்' என்றுதான் பெயர். விரல் நீளம் இருக்கும். அதைக் கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்த போட்டுல எத்தினி பேர்டி போறீங்க?" என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கைடு மீட்டரைப் பார்த்துவிட்டு ஒயரைத் தானே ஒருமுறை மாற்றிக் குத்திப் பார்த்தார். பிறகு, "ஒண்ணு வந்தா அது ரிசல்ட் இல்லை. திரும்பப் பண்ணுங்க," என்றார்.

திரும்பப் பண்ணினேன். மைனஸ். அடுத்த நாள் மைனஸ். அதே கந்தகம், அதே சூடு, அதே நேரம். ஆடி மாதம் வரை எத்தனை முறை செய்திருப்பேன் என்று இப்போது எண்ணப் பிடிக்கவில்லை. ஒரு படலத்துக்கு ஒரு நாள் ஆகும். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் ஒரு மைனஸை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் பஸ் நின்று நின்று போகும். அந்த நேரமெல்லாம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வைகாசி மாதத்து அந்த ஒரு நாளை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பேன்.

ப்ளஸ் காட்டிய அந்த ஒரே துண்டைக் கைடு கிண்டியில் இருந்த வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினார். படலத்துக்குள் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் கருவி அங்கே இருந்தது. முறை வர ஒரு மாதம் ஆயிற்று. வந்த வரைபடத்தில் வெள்ளீயம் உயரமாக, கந்தகம் உயரமாக, நடுவில் சின்னதாக ஒரு மேடு. குளோரின். நான் குளோரின் கலந்த எதையும் தொட்டதே இல்லை.

ஆவணியில் வருஷாந்திர ரிவ்யூ. கமிட்டியில் வெளியிலிருந்து வந்த மூத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். நான் அந்த வரைபடத்தைக் காட்டியதும் குளோரின் மேட்டில் பேனாவை வைத்தார்.

"இது எங்கேர்ந்து வந்தது?"

"தெரியலை சார்."

"தெரியாம உள்ளே வந்தா அதுக்குப் பேர் என்ன? அழுக்கு. உங்க சாம்பிள் அழுக்காயிடுச்சு. அழுக்கை அளந்துட்டு வந்து கண்டுபிடிப்புன்னு சொல்லாதீங்கம்மா. ஒப்புக்கிட்ட வேலையைப் பாருங்க."

அறையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. வரைபடத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கைடு என்னைத் தேற்றவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. "அவர் சொன்னதுல பாதி சரி. எனக்கும் இதை விட்டுடலாம்னுதான் தோணுது," என்றார். நான் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூணு மாசம். அதுக்கு மேல கேட்கக் கூடாது," என்றார்.

வீட்டில் அம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் அழுக்கு என்ற வார்த்தை புரிந்தது. "அழுக்குன்னு சொன்னானா? யாராண்ட வந்து யாரு சொல்றது? நாளைக்கு நானும் வரவா?" என்று எழுந்துவிட்டாள். அவளை உட்காரவைப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவர் அழுக்கு என்றது உண்மை. ஆனால் எங்கள் துறையே அழுக்கில்தான் பிழைக்கிறது. சுத்தமான சிலிக்கானால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதில் அளந்து சேர்க்கிற துளி கலப்படம்தான் அதை வேலை செய்ய வைக்கிறது. என்னுடைய அழுக்கு எது, எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்று சொல்ல முடிந்துவிட்டால் அப்புறம் அது அழுக்கில்லை. எனக்கு அந்த அழுக்குதான் வேண்டும்.

மறுநாள் காலையிலிருந்து, வைகாசியில் அந்தத் துண்டைத் தொட்ட ஒவ்வொன்றையும் எழுத ஆரம்பித்தேன். இடுக்கி, கையுறை, அசிட்டோன் பாட்டில், துடைத்த துணி, கந்தக டப்பா, உலைக் குழாய். இரண்டு பக்கம் வந்தது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தேன். பழைய டப்பாவில் மிச்சமிருந்த கந்தகம்: மைனஸ். பழைய துணி: மைனஸ். துணியைத் தோய்த்த சோப்பைக்கூட விடவில்லை. மைனஸ். புரட்டாசி பாதி போயிற்று. பட்டியலில் நாலைந்து வரிகள்தான் மிச்சம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. உலைக்குள் தள்ளும் முன் போட்டில் எது எங்கே இருக்கிறது என்று நோட்டில் சின்னதாகப் படம் போடுவேன். பள்ளிக்கூடத்துப் போர்டுப் பழக்கம். ஒருநாள் வைகாசிப் பக்கத்தைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் படத்தில் போட்டின் ஒரு மூலை இல்லாதது கண்ணில் பட்டது. அவசரத்தில் கோடு விட்டுப்போயிற்றா? இல்லை, உடைந்த விளிம்பு தெரிய வளைத்து வளைத்து வரைந்திருந்தேன். நான் தினமும் பயன்படுத்திக்கொண்டிருந்த போட்டுக்கு நாலு மூலையும் இருந்தது.

"அண்ணா, மூலை உடைஞ்ச போட் ஒண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சா இன்னா, கீது. ஒடஞ்சதுன்னா தூக்கிக் கடாசிடுவேனா? குவார்ட்ஸு மேடம் அது!"

மேஜை டிராயரிலிருந்து பிஸ்கெட் டின் ஒன்றை எடுத்தார். உடைந்த குழாய்கள், கண்ணாடிச் சில்லுகள். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த போட். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க மெல்லிசான வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் போர் தண்ணீர் காய்ந்தால் படிகிற அதே வெள்ளை.

அப்போதுதான் அந்த வாரம் முழுசாக ஞாபகம் வந்தது. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் எங்கள் கருவியின் ஹீட்டர் கம்பிச்சுருள் எரிந்துபோயிருந்தது. மெட்ரோ வாட்டர் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. வழக்கமான போட்டில் கறை இருந்ததால் ஓரத்தில் கிடந்த உடைந்ததை எடுத்து, வராந்தாக் குழாயில் வந்த போர் தண்ணீரில் அலசி, அப்படியே காயவைத்தேன். அந்தத் தண்ணீரின் உப்பு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். உப்பென்றால் அதில் குளோரின் உண்டு.

போட்டைக் கழுவவில்லை. அதிலேயே புதுக் கண்ணாடியை வைத்து உலைக்குள் தள்ளினேன். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. உலை ஆறியதும் துண்டை எடுத்து, அயர்ன் சூடாகும் வரை காத்திருந்து, முனையை இறக்கினேன்.

ப்ளஸ்.

டெக்னீஷியன் அண்ணா என் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். "மாட்டிச்சி பாரு!" என்று மேஜையைத் தட்டினார். தட்டிய வேகத்தில் கண்ணாடித் துண்டு துள்ளிக் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அவர் முகம் வெளிறிப்போயிற்று. நான் இரண்டு துண்டையும் பொறுக்கி வைத்துச் சோதித்தேன். இரண்டும் ப்ளஸ்.

கைடிடம் ஓடினேன். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "போர் தண்ணியை பேப்பர்ல எழுத முடியாது. சுத்தமான உப்பு, அளந்து. அப்புறம், உங்க கையில மட்டும் வந்தா போதாது," என்றார்.

சுத்தமான சோடியம் குளோரைடை வடித்த நீரில் கரைத்து, சொட்டு சொட்டாக போட்டில் விட்டுக் காயவைத்தேன். ஒரு சொட்டில் மைனஸ் குறைந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தது. இரண்டில் ப்ளஸ். மூன்றில் ப்ளஸ் பலமாயிற்று. அதற்கும் மேலே போனால் படலம் பொரிந்து அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். எந்தத் திசையில், எவ்வளவு வேண்டும் என்று நானே முடிவுசெய்து, குழாயைத் திருகுவது மாதிரி திருக முடிந்தது. இரண்டு வருஷம் அந்தப் படலம் சொன்னதை நான் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது நான் சொன்னதை அது கேட்டது.

ஐப்பசியில் கைடு ஒரு பரீட்சை வைத்தார். பத்து போட்டுகளைத் தயார் செய்தார். ஐந்தில் உப்பு, ஐந்தில் வெறும் தண்ணீர். எது எதில் என்று ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டார். டெக்னீஷியன் அண்ணா உலையில் வைத்து எடுக்க வேண்டும். நான் அளக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது. கடைசித் துண்டை அளந்து முடித்த வெள்ளிக்கிழமை, மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றோம். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கைடு கவரைப் பிரித்தார்.

"ஒண்ணு?"

"ப்ளஸ்," என்றேன்.

தாளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "ரெண்டு?"

"மைனஸ்."

ஏழாவதும் பொருந்தியது. எட்டு, ஒன்பது. பத்தாவதைச் சொன்னதும் கைடு தாளைக் கீழே வைத்துவிட்டு என் தோள் இரண்டையும் பிடித்துக் குலுக்கினார். "வந்துடுத்து! பத்தும் வந்துடுத்து!" லேபில் வீட்டுத் தமிழ் பேசி அவரை நான் கேட்டதே இல்லை. அவரே அதைக் கவனித்து வெட்கப்பட்டார். அண்ணா மட்டும் அவரை விடவில்லை. "வந்துடுத்தா மேடம்? நல்லா வந்துடுத்தா?" என்று அந்த வாரம் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. கீழே ஒரு வகை, மேலே மறுவகை என்று அடுக்கியபோது படலத்தில் ஊசித்துளைகள் விழுந்து மின்சாரம் குறுக்கே பாய்ந்து செல் செத்துப்போயிற்று. மார்கழி முழுக்க அதுதான் போராட்டம். சூட்டைக் குறைத்தோம், கூட்டினோம். கீழ் அடுக்கை மிக மெதுவாக ஆறவிட்டால் துளை விழுவதில்லை என்று தை மாதம் பிடிபட்டது.

முதல் நல்ல செல்லை, முறையான விளக்கின் கீழ் அளப்பதற்கு முன்னால், ஆசைக்கு மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போனோம். நல்ல வெயில். செல்லைச் செங்கல் மேல் சாய்த்து மீட்டரைச் சேர்த்தேன். நாங்கள் முன்பு வேறு பொருளை ஒட்டிச் செய்த செல்கள் கொடுத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வோல்டேஜ். அண்ணா நம்பவில்லை. கையிலிருந்த குடையை விரித்து நிழல் பிடித்தார். எண் இறங்கியது. குடையை எடுத்தார். ஏறியது. மறுபடி பிடித்தார், எடுத்தார். "இன்னா ஷோக்கா கேக்குது பாரேன்!" என்று நடுத்தர வயது மனிதர் சின்னக் குழந்தை மாதிரி குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். கைடு சுவரில் சாய்ந்து சிரித்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ரிவ்யூவுக்கும் அதே மூத்த பேராசிரியர் வந்திருந்தார். நான் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் கையை உயர்த்தி, "ஸ்லைடெல்லாம் அப்புறம். எனக்கு முன்னாடி பண்ணிக் காட்டுங்க," என்றார். தயாராகத்தான் போயிருந்தோம். அண்ணா அயர்னையும் மீட்டரையும் கொண்டுவந்து வைத்தார். நான் துண்டை எடுக்கப் போனேன்.

"நீங்க வேணாம். என்கிட்ட குடுங்க."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே முனையை இறக்கினார். உப்பில்லாதது, உப்புள்ளது, இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அயர்னை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"போன தடவை நான் அழுக்குன்னு சொன்னேன். சொன்னது சரி, ஆனா விடச் சொன்னது தப்பு." குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவரிடம் திரும்பி, "அதையும் எழுதிக்குங்க. நான் சொன்னேன்னே எழுதுங்க," என்றார். பிறகு என்னிடம் உப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

கட்டுரை வெளிவந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் பகல், நந்தனத்தில் ஒரு கல்லூரியில் பேசிவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது போனில் ஒரு மெயில் வந்தது. நான் பார்த்தே இராத ஒரு தேசத்து ஆய்வகத்திலிருந்து, யாரென்றே தெரியாத ஒரு மாணவி எழுதியிருந்தாள். எங்கள் கட்டுரையில் இருந்தபடியே செய்து பார்த்தாளாம். முதல் தடவையிலேயே ப்ளஸ் வந்ததாம். நம்பாமல் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்தாளாம்.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே என் பஸ் வந்து போய்விட்டது. என் கை படாமல், எங்கள் ஊர்க் காற்றும் தண்ணீரும் படாமல், எங்கேயோ ஒரு உலையில் அது நடந்திருக்கிறது. இனி அது என்னை நம்பி இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். மார்க்கெட் இரைச்சல்.

"அம்மா, வேற ஒரு நாட்டுல ஒரு பொண்ணு நான் கண்டுபிடிச்சதைச் செஞ்சு பார்த்திருக்கா. அங்கேயும் அதேதான் வந்திருக்கு."

"இன்னாது? கேக்கல, சத்தமா சொல்லு!"

ரோடு என்று பார்க்காமல் கத்திச் சொன்னேன். அம்மா என்னிடம் பேசவில்லை. பக்கத்துக் கடைக்காரிகளிடம் பேசினாள். "ஏய், இங்க கேளுங்கடி! என் பொண்ணு சோத்து உப்ப வெச்சி வெயில்லேந்து கரண்டு எடுத்துட்டா! ஃபாரின்காரங்கோ அவ சொன்னத அப்டியே செஞ்சிகினு கீறாங்கோ!"

உப்பு ஒரு துளிதான், வெயிலைக் கரண்டாக்குவது படலம்தான் என்று திருத்தப் பார்த்தேன். அங்கே யார் கேட்கிறார்கள்? யாரோ கைதட்டினார்கள், யாரோ எந்த நாடு என்று கேட்டார்கள், அம்மா தனக்குத் தெரிந்த ஒரே நாட்டின் பெயரைச் சொன்னாள். மீன் வாங்க வந்தவர் ஒருவர் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்பதும், "இருய்யா, பேசிகினு கீறேன்ல?" என்று அம்மா அவரை அடக்குவதும் காதில் விழுந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டே நின்றேன்.